நிறம் ஏறாத குழாய்

தானிய ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில், படியேறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கும். 'மாவு வாங்கப்படாது. முழுத் தானியம் மட்டும்.' அவ்வளவுதான். தயவுசெய்து கிடையாது, கீழே கையெழுத்தும் கிடையாது. இப்படி மூஞ்சியில் அடித்தாற்போல் எழுதக்கூடிய ஆள் அந்த நிலையத்தில் ஒருத்திதான் என்பது வாசற்காவலருக்கும் தெரியும். நேரில் எல்லோருக்கும் அவள் மேடம். முதுகுக்குப் பின்னால் துவர்ப்பு மேடம்.

பட்டப்பெயருக்குக் காரணம் இரண்டு. முதலாவது அவள் வேலை. சில வகைச் சோளத்தில் மேல்தோலுக்கும் உள்ளே இருக்கும் மாவுப் பகுதிக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு படலம் இருக்கும். அதில் குடியிருப்பது டானின். டானினுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்வது. வாயில் போட்டால் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடிக்கும், நாக்கு வறண்டு இழுக்கும், அதற்குத்தான் நாம் துவர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். வயிற்றுக்குள் போனாலும் அதே புத்திதான். சோளத்தில் இருக்கும் புரதத்தையே கட்டிப்பிடித்து, உடம்பில் ஒட்டவிடாமல் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். தின்றவருக்கு வயிறு நிறையும், சத்து சேராது. எந்தச் சோளத்தில் எவ்வளவு டானின் என்று அளந்து சொல்வதுதான் அவள் உத்தியோகம். பட்டப்பெயருக்கு இரண்டாவது காரணம் என்ன என்று அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கதை. அப்பா தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர். பெண் பள்ளிக்கூடம் முடித்ததும் உயிர்வேதியியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தட்டச்சு கற்றுக்கொண்டால் போதும், வேலை கிடைக்கும் என்றார். அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. அப்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அத்தான் இதே ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகங்களை உருவாக்கும் பிரிவில் சேர்ந்த புதிது. அவர் ஒரு மத்தியான நேரத்தில் மாமனாருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மாமா, இவளைத் தட்டச்சுக்கு அனுப்புங்க, வேண்டாங்கல. ஆனா அந்த மிஷினை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றார். அப்பா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுபடி கோபமாக இருக்க அவருக்கு வரவில்லை. பெண் கல்லூரிக்குப் போனாள்.

படித்து முடித்து, தேர்வு எழுதி, அத்தான் வேலை செய்யும் அதே நிலையத்தில் அவளுக்கும் இடம் கிடைத்தது. உடனே ஆளாளுக்குக் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள், அத்தான் சிபாரிசு என்று. அந்தப் பேச்சை அவள் மறுத்தெல்லாம் பேசவில்லை. முதல் வருஷமே அத்தான் ஆசையாகக் கொண்டுவந்த மூன்று ரகங்களை, டானின் அதிகம் என்று வரிசையாகக் கழித்துக்கட்டினாள். கிசுகிசு நின்றது. அத்தானுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், இருந்திருக்கும். ஆனால் மச்சினி அளந்து சொன்னால் அது அளந்ததுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் அவர்தான்.

அவள் அறை எப்போதும் ஐஸ்கிரீம் கடை மாதிரி மணக்கும். காரணம் வனிலா வாசனை தரும் வனிலின் என்ற பொடி. மாவை மெத்தனாலில் ஊறவைத்தால் டானின் அதில் இறங்கிவரும். தெளிந்ததை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, வனிலினும் அமிலமும் சேர்த்தால் குழாய் சிவக்கும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு டானின். நிறம் ஏறாவிட்டால் டானின் இல்லை. இதில் ஏமாற்றவும் வழி உண்டு. தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு மாவாக அரைத்து அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி இரண்டு பேர் அனுப்பி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் கதவில் அந்த அட்டை ஏறியது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முழுத் தானியமாகக் கொண்டுவர வேண்டும், அவளே அரைத்துக்கொள்வாள்.

அத்தானுக்கு மட்டும் விலக்கு. அறையில் இருக்கும் சின்ன அரவை இயந்திரம் போடும் சத்தத்தில் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். ஒருநாள் அக்கா இதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அத்தான் தன் மாதிரிகளை வயல் பக்கத்துக் கொட்டகையிலேயே அரைத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து தருவார். உனக்கு எதுக்கும்மா தலைவலி என்பார். அவரைப்போய் தோலைத் தேய்த்தீர்களா என்று கேட்க முடியுமா? அட்டை ஊருக்கு, அத்தானுக்கு இல்லை என்று அவளும் வாங்கி வைத்துக்கொள்வாள். அவர் தேய்க்கவும் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம்.

இப்படி வந்த ஒரு பொட்டலத்தில்தான் அவருடைய வெள்ளைச் சோளம் இருந்தது. கதிர் கனமாக, மணி பெரிதாக, தண்ணீர் குறைந்தாலும் வாடாத ரகம். அத்தான் இவ்வளவு காலம் வேலை பார்த்தும் அவர் பெயரில் ஒரு ரகம்கூட வெளிவந்ததில்லை. கூட வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு மூன்று இருந்தது. அந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஓய்வு. இதுதான் கடைசி வாய்ப்பு. மேடம் அந்த மாவைச் சோதித்தாள், குழாயில் நிறமே ஏறவில்லை. டானின் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று மாலை அத்தான் மாடி முழுக்க இனிப்பு கொடுத்தார். குழந்தைகளுக்கான மாவு தயாரிக்கும் ஆலைக்காரர் ஒருவர், ரகம் வெளிவந்ததும் முதல் விளைச்சல் எனக்குத்தான் என்று முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுப் போனார். வெளியீட்டுக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் எலி டாக்டர் வந்தார். நிலையத்தின் பின்பக்கம் எலிகளுக்குத் தானியம் கொடுத்து வளர்ச்சியைப் பார்க்கும் பிரிவை நடத்துகிறவர் அவர். நல்ல மனுஷன், எதற்கெடுத்தாலும் தயங்குவார். அன்று வாசலில் நின்று இரண்டு தடவை இருமிவிட்டு உள்ளே வந்தார்.

"மேடம், உங்க அத்தானோட சோளம் தின்ற எலியெல்லாம் நல்லாத்தான் தின்னுது. ஆனா வளர மாட்டேங்குது" என்றார்.

அவள் முதலில் அவரைத்தான் பிடித்தாள். தராசைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள், எலிக்குச் சீக்கா பாருங்கள் என்றாள். எல்லாம் பார்த்துவிட்டேன் என்றார் அவர். அதே ஈற்றில் பிறந்த எலிகள்தான், பக்கத்துக் கூண்டில் சாதாரணச் சோளத்தைத் தின்றுவிட்டுக் கொழுகொழு என்று இருக்கின்றன, சீக்காக இருந்தால் அவற்றுக்கும் வந்திருக்காதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் நியாயமான கேள்வியைத் தட்டிக்கழிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. எலிப் புழுக்கையைச் சேர்த்து அனுப்புங்கள் என்றாள்.

புழுக்கையை அமிலத்தில் போட்டுக் காய்ச்சி, அதில் நைட்ரஜன் எவ்வளவு என்று பார்த்தாள். நைட்ரஜன் இருந்தால் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மேல் வந்த வாடையில், பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடும் அவள் கணவர், இன்றைக்குச் சமையல் அறைப் பக்கமே நீ வர வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் சிரிக்கவில்லை. எலிகள் தின்ற புரதத்தில் பாதிக்கு மேல் அப்படியே வெளியே போயிருந்தது. புரதத்தை இப்படிக் கிளப்பிக்கொண்டு போகிற திருடன் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் அந்த வீட்டிலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் அவள்.

மறுநாள் எலி டாக்டரிடம் போய், எலிகளுக்கு எதிலிருந்து அரைக்கிறீர்கள் என்று கேட்டாள். அத்தான் கொடுத்த மூட்டையிலிருந்து அன்றன்றைக்கு அரைத்துக் கொடுக்கிறோம், பழைய மாவை எலி மோந்துகூடப் பார்க்காது என்றார். அந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி முழுத் தானியம் வாங்கிவந்து தன் இயந்திரத்தில் தானே அரைத்தாள். தலை விண்விண் என்று தெறித்தது. ஊறவைத்து, வடித்து, வனிலின் விட்டாள். குழாய் சிவந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, அவள் அதுவரை அளந்த மோசமான ரகங்களுக்குப் பக்கத்தில் வைக்கலாம், அப்படி ஒரு சிவப்பு. அலமாரியில் இருந்த அத்தானின் பழைய பொட்டலத்தைப் பிரித்து அதையும் சோதித்தாள். நிறம் ஏறவில்லை. ஒரே வயல், ஒரே சோளம். ஒரு குழாய் சிவப்பு, ஒரு குழாய் தண்ணீர்.

நேராகப் போய் அத்தானின் கொட்டகையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். மழைக்காலம் முழுக்க அரைத்த பொட்டலங்களை அவர் போட்டுவைத்திருந்த மூலையில் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முழு மணியாக இருக்கும்வரை டானின் தன் படலத்தில், புரதம் உள்ளே, இரண்டும் தனித்தனியாக இருக்கும். அரைத்துவிட்டால் இரண்டும் கலந்துவிடும். கொஞ்சம் ஈரமும் கிடைத்தால் பொட்டலத்துக்குள்ளேயே ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டதை மெத்தனால் பிரிக்காது. குழாய்க்கு வருவது சும்மா இருக்கிற டானின் மட்டும்தான். சந்தேகம் வேண்டாம் என்று புது மாவில் லேசாக ஈரம் தெளித்து, மூடி, வெதுவெதுப்பாக வைத்துத் தினமும் சோதித்தாள். சிவப்பு நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது.

அதைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை சுத்தமாக ஒரு சோதனை விடை தருவது எப்போதாவதுதான் நடக்கும். அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டாள். அதன் பிறகு கோபம் வந்தது. யார் மேல் காட்டலாம் என்று தேடினாள். அத்தான் மேல் காட்ட முடியாது, அவர் பாசத்தில் செய்தது. அக்கா மேலும் முடியாது. கதவில் அட்டையை மாட்டிவிட்டு, ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டது யார்? அவளேதான். சரி, யார் செய்த தப்போ அவர்தான் திருத்த வேண்டும் என்று எழுந்தாள்.

அத்தான் தன் அறையில் பழைய கதிர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கிப்போனது.

"எலியை நம்பி என் ரகத்தைக் கழிக்கப் போறியா?" என்றார்.

"எலியை நம்பி இல்ல அத்தான். நானே அரைச்சு, நானே பார்த்தேன்."

"அன்னைக்கும் நீதானே பார்த்தே. அதே குழாய், அதே கை."

"அன்னைக்கு நான் பார்த்தது தப்பு. என் தப்புதான்."

உன் கையெழுத்துப் போட்ட தாள் குழுவிடம் போய்விட்டது, நானாக அதைத் திரும்ப வாங்க மாட்டேன், சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் சொல்லிக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்காவின் தொலைபேசி. அக்கா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் பதில் இல்லை என்றாள். கூட்டத்தில் நீயாக எதையும் சொல்லாதே, கேட்டால் மட்டும் சொல், அவர் மரியாதையோடு வீட்டுக்கு வரட்டும், அப்புறம் ரகத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றாள்.

"உனக்காக ஒரு நாள் அப்பா முன்னாடி உட்கார்ந்து பேசினாரேடி. இந்த ஒரு நாள் அவருக்காக நீ பேசாம இருக்கக் கூடாதா?"

"அக்கா, அந்த மாவு சின்னக் குழந்தைகளுக்குப் போகுது. வயிறு ரொம்பும், உடம்புல ஒட்டாது. பெத்தவங்களுக்குக் காரணம்கூடத் தெரியாது. நான் பேசாம இருந்தா, அன்னைக்கு அவர் என்னைப் படிக்க வச்சது எதுக்கு?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அவள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா இல்லாமல் ஒரு வாரம்கூட இருந்ததில்லை அவள். கணவர் எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் பேசிவிடு, இல்லையென்றால் இந்த வீட்டில் ஒருத்தரையும் நீ நிம்மதியாக இருக்கவிட மாட்டாய் என்றார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கூட்டம் நீள மேசை போட்ட அறையில். தலைவர், வயல் துறையினர், விதைத் துறையினர், ஓரத்தில் அந்த ஆலைக்காரர், அவர் பக்கத்தில் மாதிரிப் பையோடு அத்தான். வெள்ளைச் சோளத்தின் முறை வந்ததும் அவள் எழுந்தாள். நான் கொடுத்த அளவு தப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன், எப்படித் தப்பானது என்று சொல்கிறேன் என்று ஆரம்பித்து, பொட்டலம், ஓதம், குழாய் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தாள். மாவாக ஏன் வாங்கினீர்கள் என்று தலைவர் கேட்டார். சொந்தக்காரர் என்பதால் வாங்கினேன் என்றாள்.

ஒரு தடவை தப்பான அளவு இன்னொரு தடவையும் தப்பாகாதா என்று விதைத் துறைக்காரர் ஒருவர் மெதுவாக இழுத்தார். அவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து மேசை நடுவில் வைத்தாள். துணி வெளுக்கும் திரவத்தில் காஸ்டிக் சோடா கரைத்த ஒரு புட்டியையும் எடுத்தாள். இது மேல்தோலைக் கரைத்துவிடும், அடியில் டானின் படலம் இருந்தால் மணி கறுத்துப்போகும், இல்லாவிட்டால் வெளுப்பாகவே இருக்கும், இதற்கு என் கணக்கே தேவையில்லை என்றாள். ஒரு தட்டில் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண வெள்ளைச் சோளத்தைப் போட்டாள். இன்னொரு தட்டை அத்தான் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க கையாலயே போடுங்க அத்தான்."

அலுவலகத்தில் மற்றவர்கள் முன்னால் அவள் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் தன் முன்னால் இருந்த மாதிரிப் பையைத் திறந்து, நல்ல மணிகளாகப் பார்த்துப் பொறுக்கித் தட்டில் போட்டார். அவள் திரவத்தை ஊற்றினாள். நெடி மூக்கில் ஏற, யாரோ சன்னலைத் திறந்தார்கள். தேநீர் வந்தது. எல்லோரும் தேநீரைக் குடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் தட்டு வெளுப்பாக இருந்தது. இரண்டாவதில் ஒரு மணியின் ஓரம் பழுப்பானது. பிறகு அதன் பக்கத்தில் இருந்தது. தேநீர்க் கோப்பைகளை எடுக்க ஆள் வருவதற்குள் அத்தட்டில் கறுக்காத மணி ஒன்றுகூட இல்லை. பொறுக்கிப் போட்டவர் அத்தான், அதனால் மேடம் ஏதோ வித்தை செய்தாள் என்று சொல்லவும் யாருக்கும் வாய்ப்பில்லை. அத்தான் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார். ரகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று தலைவரிடம் சொன்னார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்து அவள் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே வந்தபோது அத்தான் வாசலில் நின்றிருந்தார். வயல் வரைக்கும் வா என்றார். இருவரும் நடந்தார்கள். வெள்ளைச் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது, கதிர்கள் பாரத்தில் சாய்ந்திருந்தன. அடுத்த பாத்திகளில் மற்றவர்களின் ரகங்கள் எல்லாம் வலைக்குள் இருந்தன, வலைக்கு வெளியே குருவிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. இந்தப் பாத்திக்கு மட்டும் வலை இல்லை.

"பால் பிடிக்கிற சமயத்திலேயே ஒரு குருவிகூட இதுல உக்காரல. வலையே போடல நான்" என்றார். பிறகு, "கடிச்சும் பார்த்தேன். துவர்த்தது."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இல்லைன்னு எழுதிட்டே. அப்ப என் நாக்குதான் சரியில்லைன்னு விட்டுட்டேன்."

கண்ணை விட அவள் எழுதும் எண்ணை எல்லோரும் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இத்தனை வருஷம் எல்லோரிடமும் மல்லுக்கட்டியது. அப்படி முழுசாக நம்பிய ஒரே ஆள் இவர். அவரைத்தான் அவள் எண் கவிழ்த்திருந்தது. ஆனால் நின்று அழுகிற ஜாதி இல்லை அவள்.

"இயக்குநர்கிட்ட நேத்து பேசினேன்" என்றாள். "ஓய்வுக்கு அப்புறமும் நீங்க இங்க கலப்பு செய்யலாம். இதையே டானின் இல்லாத ஒண்ணோட கலங்க. கதிரும் கனமும் இதோடது வரும், அந்தப் படலம் மட்டும் போயிடும். ஒவ்வொரு விளைச்சலையும் மணியாவே கொண்டாங்க, நான் பார்த்துச் சொல்றேன்."

"நேத்தா? நேத்து நான் உன்னோட முகம் கொடுத்துப் பேசவே இல்லையே."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அத்தான் ஒரு கதிரைப் பிடித்து நிமிர்த்தினார். அது மறுபடி சாய்ந்தது. கொஞ்ச நேரம் அடுத்த பாத்திகளை நோட்டம் விட்டார், ஓரத்தில் காலியாகக் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"எத்தனை பாத்தி தராங்களாம்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டுல என்ன பண்றது? நாலு கேட்டிருக்கக் கூடாது?"

நாலுதான் கேட்டேன், மிச்சத்துக்கு நீங்களே போய்ச் சண்டை போடுங்கள் என்றாள் அவள். அவர் காலியாகக் கிடந்த மண்ணில் இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் காலால் அளக்க ஆரம்பித்தார்.